அம்மாவுக்குப் பிடிக்காத சொல்

போன ஆண்டு வசந்தத்தில் மகளின் சாரணர் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோடை விடுமுறையில் பத்து நாள் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்கள், இடம் ஒஸ்திரியாவின் பாட் இஷ்ல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி, கொண்டுவர வேண்டியவை இவை இவை என்று ஒரு பட்டியல். தூக்கப்பை, டோர்ச், மழைக்கோட்டு, சாப்பாட்டுத் தட்டு, இரண்டு சோடி சப்பாத்து. நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: "சின்னவள் ஓகஸ்ட்டில முகாமுக்குப் போறாளாம்." அம்மா சமையலறை மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. "முகாமுக்கோ? பிள்ளையை என்னத்துக்கு முகாமுக்கு அனுப்புறாய்?" என்றார். நான் விளக்கினேன். விளையாட்டு, சமையல், மலையேற்றம், இரவில் நெருப்பு மூட்டிப் பாட்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை நாளில விடுவினம்?"

மகள் சிரித்தாள். "பத்து நாள் அம்மம்மா, பிறகு நாங்களே ரயிலில வந்திடுவம்." நான் சிரிக்கவில்லை. இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதத்திலிருந்து அந்த ஆண்டின் கடைசி வரை அம்மா செட்டிகுளத்து அகதி முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தவர். தண்ணீருக்கு வரிசை, கழிவறைக்கு வரிசை, பெயர் பதிய வரிசை. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அந்தச் சொல் மட்டும் இப்படி எதிர்பாராத இடத்தில் வந்து விழும். தமிழில் எல்லாமே முகாம்தான். கண் பரிசோதனைக்கும் முகாம், இரத்ததானத்துக்கும் முகாம், இராணுவம் இருப்பதும் முகாம், அகதிகளை அடைப்பதும் முகாம், பிள்ளைகள் கூடாரம் அடித்துப் பாடுவதும் முகாம்.

நான் இருக்கும் நாட்டின் மொழியிலும் இதே கதைதான். மகளின் கடிதத்தில் இருந்த சொல் 'ஸோமர்லாகர்'. கோடை முகாம். 'லாகர்' என்றால் முகாம், நாஜிகளின் வதைமுகாமுக்கும் அதே சொல்தான். ஒஸ்திரியாவில் வயதானவர்கள் முன் 'லாகர்' என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள், சிலருடைய முகம் ஒரு கணம் மாறும். இரண்டு மொழியும் ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டு வைத்திருக்கின்றன. அம்மாவின் கேள்விக்குப் பிறகு அது என்னை விடவில்லை. பாட் இஷ்ல் என்ற பெயரும் சேர்ந்து தொந்தரவு செய்தது. ஏனென்றால் அந்த ஊரின் ஒரு முகாமைப் பற்றி எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும். அங்கே போனவர் ஒருவரை நான் அறிவேன்.

மோர்சிங் பொறித்த துணிச்சின்னம்

லின்ஸில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு முதியவர் இருந்தார். வியன்னாவில் பிறந்தவர், சின்ன வயதில் சாரணர். இப்போது உயிரோடு இல்லை. என் மகள் முதன்முதலாகச் சாரணர் கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு படியில் இறங்கியதைப் பார்த்து நிறுத்தி, மேலே கூப்பிட்டு, ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வெளிறிப்போன ஒரு துணிச்சின்னம். அதில் இருந்த உருவத்தைக் கண்டதும் நான் "மோர்சிங்!" என்றுவிட்டேன். கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் பல்லிடுக்கில் வைத்து வாசிப்பார்களே, அதேதான். இந்த நாட்டிலும் அது நாட்டுப்புற வாத்தியம், மோல்ன் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். 1951-இல் பாட் இஷ்லில் நடந்த ஏழாவது உலக சாரணர் ஜம்போரியின், அதாவது பல நாட்டுச் சாரணர்கள் கூடும் பெருமுகாமின், சின்னம் அது. அவருக்கு அப்போது பதினைந்து வயது.

போர் முடிந்து ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஒஸ்திரியா இன்னும் சுதந்திர நாடு ஆகவில்லை. அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் என்று நான்கு படைகள் நாட்டைப் பங்குபோட்டு வைத்திருந்தன, 1955 வரை அப்படித்தான். பாட் இஷ்ல் அமெரிக்கப் பகுதியில் இருந்தது. வியன்னாவைச் சுற்றி சோவியத் பகுதி. ஆகவே தன் சொந்த நாட்டில் நடக்கும் முகாமுக்குப் போக அந்தப் பையன் என்ஸ் ஆற்றுப் பாலத்தில் சோவியத் சிப்பாயிடம் நான்கு மொழியில் எழுதிய அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. சிப்பாய் அட்டையைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான், முதுகுப்பையில் தொங்கிய சமையல் பானையைத் தட்டிப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். இதைச் சொல்லும்போது முதியவர் தன் விரல் மூட்டால் மேசையை இரண்டு தரம் தட்டிக் காட்டினார்.

அந்த நிலையில் இருந்த ஒரு நாடு உலகத்துப் பிள்ளைகளை விருந்துக்கு அழைத்தது என்பதுதான் முதலில் என்னை ஈர்த்தது. உணவுப் பங்கீடு முழுதாக விலகாத காலம். வரும் வழியில் இருக்கிற அட்நாங்-புக்ஹைம் ரயில் சந்தி 1945 ஏப்ரல் 21 அன்று குண்டுவீச்சில் தரைமட்டமான இடம். சாரணர் இயக்கமே அங்கே புதிதாக எழுந்து நின்றதுதான். 1938-இல் ஹிட்லர் நாட்டைச் சேர்த்துக்கொண்டதும் அதைக் கலைத்துவிட்டார்கள், போர் முடிந்த பிறகுதான் மறுபடி தொடங்க முடிந்தது. அப்படிப்பட்டவர்கள் சுமார் 60 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 13,000 பேரைக் கூப்பிட்டு, தண்ணீர், விறகு, ரொட்டி, கழிப்பிடம் எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். பாட் இஷ்லின் மக்கள்தொகை இன்றைக்கும் 14,000 அளவுதான். ஒரு ஊரின் தோளில் இன்னொரு ஊரையே ஏற்றியது போல. 'எளிமையின் ஜம்போரி' என்று அதற்குப் பெயர் வந்தது. கையில் இருந்ததை வைத்து நடத்தியவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

அதற்கு முந்திய ஜம்போரி 1947 ஓகஸ்ட்டில் பிரான்சில், செய்ன் ஆற்றின் வளைவில் இருக்கும் முவாஸோன் என்ற இடத்தில் நடந்தது. போருக்குப் பின் முதலாவது, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இறந்த பிறகும் முதலாவது. 'சமாதான ஜம்போரி' என்று அழைத்தார்கள். ஒன்றுபட்ட இந்தியாவிலிருந்து ஒரே குழுவாகப் போன பையன்கள் அங்கே இருக்கும்போதுதான் ஓகஸ்ட் 15 வந்தது. புறப்பட்டபோது ஒரு நாடு, கூடாரத்தைப் பிரிக்கும்போது இரண்டு. அந்தப் பிள்ளைகள் திரும்பிப் போன கப்பலை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. சரி, அது வேறு கதை.

ஒரே பள்ளத்தாக்கு

என் மனம் கலைந்தது பிற்பாடு, வரைபடத்தைப் பார்த்தபோது. லின்ஸிலிருந்து பாட் இஷ்லுக்கு ரயிலில் போனால் அட்நாங்கில் மாறி, ட்ரவுன்ஸே ஏரிக்கரையோரமாகப் போகவேண்டும். ஏரி முடிகிற இடத்தில் எபன்ஸே. அங்கிருந்து இன்னும் சுமார் 17 கிலோமீட்டரில் பாட் இஷ்ல். எபன்ஸேயில் 1943 நவம்பரில் நாஜிகள் ஒரு வதைமுகாம் திறந்தார்கள். மவுட்ஹவுசன் முகாமின் கிளை அது. மலையைக் குடைந்து பிரமாண்டமான சுரங்கங்கள் வெட்டி, உள்ளே ஏவுகணை ஆராய்ச்சியைக் கொண்டுவந்து வைப்பது திட்டம். கல்லை உடைத்தவர்கள் கைதிகள். ஏறக்குறைய 27,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள், 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். போலந்து, சோவியத் ஒன்றியம், ஹங்கேரி, பிரான்ஸ், இத்தாலி, யுகோஸ்லாவியா, கிரேக்கம், இன்னும் பல நாட்டவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் இருபதைத் தாண்டாத பையன்கள். அந்தப் பள்ளத்தாக்குக்குப் பல நாட்டு இளைஞர்கள் வந்து தங்கியது 1951-இல் முதல் தடவை அல்ல என்று எனக்கு உறைத்தபோது, வரைபடத்தை மூடிவைத்துவிட்டேன்.

பாட் இஷ்ல் மட்டும் என்ன, வெறும் அழகான ஊரா? பேரரசர் ஃபிரான்ஸ் யோசப்பின் கோடை மாளிகை அங்கே இருக்கிறது. 1914 ஜூலை 28 அன்று செர்பியாவுக்கு எதிரான போர்ப் பிரகடனத்தில் அவர் அங்கிருந்துதான் கையெழுத்திட்டார். முதல் உலகப் போர் அந்த மேசையில் தொடங்கியது. அதையும் விட எனக்குக் கனமாகப் பட்டது 1947 ஓகஸ்ட் 20. வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய யூதர்கள் அந்த ஊரின் ஒரு ஹோட்டலில் அகதிகளாகத் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கான பால் பங்கு குறைந்ததற்காக ஊர்க்காரர்கள் திரண்டார்கள். கோபம் நியாயம்தான், பிள்ளைக்குப் பால் இல்லாவிட்டால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் ஊர்வலம் போய் நின்றது அந்த ஹோட்டலின் முன்னால். யூதர்களுக்கு எதிராகக் கூச்சல் போட்டு யன்னல்களுக்குக் கல் எறிந்தார்கள். பிரான்சில் சமாதான ஜம்போரி நடந்த அதே மாதம் இது. நான்கே ஆண்டு கழித்து அதே ஊர் உலகத்தை வரவேற்கிறது.

நான் மேல்மாடிக்குப் போய் முதியவரிடம் நேராகக் கேட்டேன். எபன்ஸேயைப் பற்றி உங்களுக்கு யாராவது சொன்னார்களா? அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ரயில் எபன்ஸேயில் நின்றது. ஏரி தெரிகிறது என்று எல்லோரும் அந்தப் பக்க யன்னலுக்கு ஓடினோம்," என்றார். அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை, யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. 1948-இலேயே ஒரு இத்தாலியக் கைதியின் மனைவி தன் கணவர் புதைந்த இடத்தில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியிருந்தார். பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தால் பார்த்திருக்கலாம். நாங்கள் ஹிட்லருக்குப் பலியானவர்கள், செய்தவர்கள் வேறு யாரோ என்றே இந்த நாடு நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒஸ்திரியர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று ஒரு தலைமை அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து சொல்ல 1991 ஆகிவிட்டது.

எனக்கு அன்று கடும் கோபம். பதின்மூவாயிரம் பிள்ளைகளைச் சமாதானத்துக்காகக் கூட்டிவந்து, பக்கத்து மலையில் என்ன நடந்தது என்று சொல்லாமல் பாட்டுப் பாட விடுவது என்ன சமாதானம்? முழுக்கூட்டத்தையும் வேண்டாம், பெரிய பையன்களையாவது ஒரு நாள் அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டாமா? அவரிடம் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. வேறொன்றைச் சொன்னார்.

விறகு கேட்டு வந்தவர்கள்

ஜேர்மன் சாரணர்கள் 1950-இல்தான் உலக அமைப்புக்குள் அனுமதிக்கப்பட்டார்கள். அவர்கள் அதிகாரபூர்வமாகக் கலந்துகொண்ட முதல் உலக ஜம்போரி பாட் இஷ்ல். முதியவரின் கூடாரத்துக்குப் பக்கத்தில் நெதர்லாந்துப் பையன்கள் சிலர் இருந்தார்களாம். போரில் ஜேர்மன் படை பிடித்து வைத்திருந்த நாடு அது. இரண்டாம் நாள் பின்னேரம் மூன்று ஜேர்மன் பையன்கள் விறகு கடன் கேட்டு வந்தார்கள். மழைக்குத் தங்களுடைய விறகு நனைந்துவிட்டது என்றார்கள். கேட்ட மொழி ஜேர்மன். நெருப்பைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவன், பதினாறு வயதிருக்கும், கிளறிக்கொண்டிருந்த கம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்து போய்விட்டான். யாரும் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்து அந்தக் குழுவின் தலைவர் எழுந்து, தன் கையாலேயே விறகை அள்ளி அந்த மூவருக்கும் கொடுத்தார். அப்புறம் எழுந்துபோன பையனுடைய சாப்பாட்டை மூடி நெருப்புக்குப் பக்கத்தில் சூடாக வைத்தார். "அவனைக் கூப்பிட்டுக் கைகுலுக்கச் சொல்வார் என்று நாங்கள் நினைத்தோம். சொல்லவில்லை. அவன் இருட்டிய பிறகு வந்து சாப்பிட்டான். முகாம் முடியும் வரை ஜேர்மன்காரர் வந்தால் எழுந்து போய்விடுவான். அவர் ஒரு தரமும் எதுவும் சொல்லவில்லை."

அந்தப் பையனுக்கு என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். தெரியாது என்றார். அவன் பெயரும் நினைவில்லை. மூடிவைத்த அந்த அலுமினியத் தட்டு மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது என்றார்.

இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். போருக்குப் பின் வரும் பெரிய விழாக்களில் எனக்கு ஒரு பயம் உண்டு. மேடையில் கைகோர்க்கச் சொல்வார்கள், படம் பிடிப்பார்கள், அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்பார்கள். எங்கள் நாட்டில் 2009-க்குப் பிறகு அப்படி நிறையப் பார்த்துவிட்டோம். விறகும் கொடுத்து, எழுந்து போனவனுக்குச் சாப்பாட்டையும் சூடாக வைத்திருக்கிற ஒருவர் அந்த மேடைகளில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தத் தலைவருக்கு ஒரு பதினாறு வயதுப் பையனின் துக்கத்தைத் தன் முகாமின் வெற்றிக்காகச் செலவழிக்க மனம் வரவில்லை. எபன்ஸேயைப் பற்றி வாய் திறக்காததை நான் இன்றும் மன்னிக்கவில்லை. இந்த மனிதரை மதிக்கிறேன். இரண்டும் ஒரே முகாமில் நடந்தவைதான்.

எபன்ஸேயில் இறங்கினோம்

மகள் போய் ஆறாம் நாள் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றிருந்தார்கள். அம்மா தானும் வருவதாகச் சொன்னது எனக்கு ஆச்சரியம். ரயிலில் ஏரி வந்ததும் அவரிடம் எபன்ஸேயைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்ப இறங்கு, பாத்திட்டுப் போவம்," என்றார்.

நினைவிடமாக்கப்பட்ட சுரங்கத்துக்குள் வெளியே எவ்வளவு வெயிலென்றாலும் குளிர் எட்டுப் பாகைதான். அம்மா சேலைத்தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைத் தொட்டுப் பார்த்தார். 1945 மே 5 அன்று, அமெரிக்கப் படை வந்து சேர்வதற்கு முதல் நாள், முகாம் தளபதி கைதிகள் எல்லோரையும் கூட்டி, பாதுகாப்புக்காகச் சுரங்கங்களுக்குள் போங்கள் என்றான். உள்ளே வைத்து வெடித்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போகமாட்டோம் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. "பாதுகாப்பான இடம் எண்டுதானே எங்களுக்கும் சொன்னவை," என்றார். அந்த ஆண்டைப் பற்றி அவராக என்னிடம் சொன்ன முதல் வசனம் அது.

வெளியே வந்து இறங்கினால் முகாம் இருந்த நிலம். ஒரு குடியிருப்பு. போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே வீடுகள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். முகாமின் பழைய வாசல் வளைவு மட்டும் கல்லாக நிற்கிறது, வீடுகளுக்குப் போகும் தெரு அதற்குள்ளால் போகிறது. ஒரு முற்றத்தில் சிறுபிள்ளையின் சைக்கிள் சரிந்து கிடந்தது. கொடியில் படுக்கை விரிப்புக் காய்ந்தது. நான் திகைத்துப்போய் நின்றேன். இதில் எப்படி மனம்வந்து சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள் என்று கோபம் மறுபடி ஏறியது. "ஆக்கள் இருக்கினமோ?" என்று அம்மா கேட்டார். ஓம், இவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்றேன். அம்மா அந்த வளைவை நிமிர்ந்து பார்த்தார். "எங்கயாவது இருக்கத்தானே வேணும். எங்கட பள்ளிக்கூடத்திலயும் பிள்ளையள் படிக்கத்தானே செய்யினம்." எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் 2009-இல் தற்காலிக மருத்துவமனையாக இருந்தது. அம்மாவின் தம்பி அங்கேதான் இறந்துபோனார். அம்மா அதே பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் போட்டிக்குப் பிற்பாடு போய்ப் பந்தலில் உட்கார்ந்து கைதட்டியவர். இத்தனை காலம் என் கோபத்தில் அந்தப் பந்தலுக்கு இடம் இருக்கவில்லை. "ஆனா இந்த வளைவை இடிக்கேல்லைத்தானே," என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தக் கல்லும் இல்லை.

அடுத்த ரயிலைப் பிடித்து பாட் இஷ்ல் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. புல்வெளியில் கூடாரங்கள், நடுவில் கொடிக்கம்பம், ஒரு பக்கம் பிள்ளைகள் பெரிய பானையில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார்கள். மகள் முழங்கால் வரை சேற்றோடு ஓடிவந்தாள். முந்தின நாள் வழிநடத்துநர்கள் அவர்களை எபன்ஸேக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம், சுரங்கம் சரியான குளிர் என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது, ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தண்ணீர் எங்கே, கழிவறை எவ்வளவு தூரம், இரவில் வெளிச்சம் உண்டா. வேலி எங்கே என்று கேட்டார். வேலி இல்லை அம்மம்மா, அந்த மரம் வரைக்கும் எங்களுடைய இடம் என்றாள் மகள். அம்மா அவளுடைய கூடாரத்துக்கு முன்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "இது உள்ளுக்கிருந்தும் திறக்கலாமோ?" என்று கேட்டார். மகள் உள்ளே புகுந்து ஜிப்பைக் கீழே இழுத்து மூடினாள். பிறகு திறந்தாள். அம்மா தானும் தவழ்ந்து உள்ளே போனார். ஜிப் மூடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திறந்தது. மறுபடி மூடி, மறுபடி திறந்தது.